திருகோணமலைத் தேர்தற்றொகுதியின் வரலாறு

சில காலத்துக்கு முன்னர் நம் சங்க மண்டபத்தில் வாலிபர் சிலரும் முதியோர் சிலரும் கூடியிருந்த ஒரு மாலைப் பொழுதில், "நம் ஊரிலிருந்து மக்கள் வாக்கினால் தெரிவாகிச் சட்டசபைக்குச் சென்ற முதற் பிரதிநிதி யார்?" என்று வினவினேன். வாலிபர் ஒருவர் சற்றும் தயங்காது "சம்பந்தன் ஐயா" என்றார். அருகே வீற்றிருந்த முதியவர் சிரித்துவிட்டு, "இல்லைத் தம்பி, இராஜவரோதயம் ஐயா" என்று திருத்தினார். இருவர் விடையும் பிழையே. ஆயினும் அவர்களை நொந்துகொள்வதற்கில்லை. கோணேசர் கோயிலின் வரலாற்றைச் சொல்லுவோர் நம்மிடையே பலர் உளர். கோட்டையின் வரலாற்றையும் துறைமுகத்தின் வரலாற்றையும் சொல்லுவோரும் உளர். நாம் வாக்களிக்கும் தொகுதிக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நினைப்போர் அரியர். அக்குறையைச் சிறிதேனும் போக்குமாறு இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கப்பல்துறை என்ற பெயரில் ஒரு கிராமம் நம் மாவட்டத்தில் உண்டு. உண்மையில் அப்பெயர் மாவட்டம் முழுவதற்குமே பொருந்தும். போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரான்சியரும், 1795ஆம் ஆண்டிலே வந்த ஆங்கிலேயரும் நம் ஊரை நாடியது கப்பல் கட்டுதற்கேற்ற துறையின் பொருட்டேயன்றி, ஊரிலே வாழ்ந்த மக்களின் பொருட்டன்று. கடற்படையினரின் கணக்கிலே திருகோணமலை ஒரு துறைமுகம். கச்சேரியின் கணக்கிலோ அது கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று என்னும் மூன்று பற்றுக்களும் பட்டினமும் சேர்ந்த ஒரு மாவட்டம். 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இங்கு வாழ்ந்தோர் தொகை ஏறக்குறைய 22,000 மட்டுமே. வயலும் குளமும் கடலும் பெருங்காடுமாகக் கிடந்த இந்நாட்டில் அன்று தமிழரும் முஸ்லிம்களுமே பெருந்தொகையினர். மேற்கே கட்டுக்குளப்பற்றின் காடுகளுக்குள்ளே பழைய சிங்களக் கிராமங்கள் சிலவும் இருந்தன. இதனை மறைத்து வரலாறு எழுதுவது முறையன்று.

1833ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட சட்டநிரூபண சபையிலே, தமிழருக்கென ஓர் அங்கத்தவரைத் தேசாதிபதி தாமே நியமிப்பது வழக்கம். 1889இல் முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் தனித்தனி ஆசனம் வந்தது. நியமனம் பெற்றவர் கொழும்பிலே வாழும் பெரியவர்; கொட்டியாரத்து உழவனுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பின்னர்த் தெரிவுமுறை சிறிது சிறிதாக நுழைந்தபோதும், சொத்தும் படிப்பும் உடைய சிலருக்கே வாக்கு இருந்தது. அக்காலத்தைப் பற்றி இவ்வளவே போதும்.

டொனமூர்க் குழுவினர் வந்து சென்றதன் பயனாக, 1931ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாக் கண்டத்திலே இவ்வுரிமையை முதன்முதற் பெற்ற நாடு நமது நாடே. அரசாங்க சபைக்கு ஐம்பது தொகுதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுட் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் கிடைத்தவை இரண்டே. ஒன்று மட்டக்களப்புத் தெற்கு, மற்றையது திருகோணமலை-மட்டக்களப்பு. ஆகவே நம் முதற்றொகுதி நம்முடையது மட்டுமன்று. மட்டக்களப்போடு கூட்டாகப் பெற்றது. அத்தொகுதியின் முதல் அங்கத்தவர் எம். எம். சுப்பிரமணியம் அவர்கள். சங்க மண்டபத்திலே நான் எதிர்பார்த்த விடை இதுவே.

அந்தத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் பகிஷ்கரித்தனர். பூரண சுயராச்சியம் கிடையாத அரசியற் றிட்டம் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. வடக்கிலே நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. கிழக்கு மாகாணம் அவ்வழியிற் செல்லவில்லை; நம்மவர் வாக்குச் சாவடிக்குச் சென்றனர். எழுத்தறியாதோர் பொருட்டு ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைக்கப்பட்ட காலம் அது. பகிஷ்கரித்தவர்களின் தேசபக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சபையிலே ஓர் ஆசனம் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் நம் தொகுதியே காட்டியது.

1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஈ. ஆர். தம்பிமுத்து அவர்கள் தெரிவானார். 1943இல் அவர் ஆசனத்தை இழக்கவே, இடைத்தேர்தலில் வி. நல்லையா அவர்கள் வந்தார். அவ்வாண்டிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் பிரேரணை ஒன்றைச் சபைக்குக் கொடுத்திருந்தார். 1944 மே மாதத்தில் அது விவாதத்துக்கு வந்தபோது, "சிங்களம்" என்பதோடு "தமிழும்" என்று சேர்க்கவேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தவர் திருகோணமலை-மட்டக்களப்பு அங்கத்தவராகிய நல்லையா அவர்களே. சபை அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. வாலிபர்காள், இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். இருமொழிக்கும் சமஉரிமை என்று பின்னாளில் எத்தனையோ மேடைகளிற் கேட்டோம். அதனை ஒரு சபையின் தீர்மானமாகவே ஆக்கிக் காட்டியது நம் தொகுதியின் குரல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்து அத்தீர்மானத்தைத் துடைத்தெறிந்தது வேறு கதை.

இனிச் சோல்பரி அரசியற்றிட்டத்துக்கு வருவோம். நம் தொகுதியின் வரலாற்றிலே இதுவே நடுநாயகமான பகுதி. ஆகவே சிறிது தங்கிச் செல்வோம்.

1946இல் அமைக்கப்பட்ட தொகுதி நிர்ணய ஆணைக்குழுவினருக்கு ஒரு கணக்கு விதிக்கப்பட்டது. மாகாணந்தோறும் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம்; அதன்மேல் 1,000 சதுரமைல் நிலத்துக்கு ஓர் ஆசனம். சனத்தொகை குறைந்து நிலம் பரந்து கிடக்கும் மாகாணங்களின் குரல் அமுங்கிவிடாதிருக்கும் பொருட்டே நிலத்துக்கும் ஆசனம் வைத்தனர். கிழக்கு மாகாணத்துக்கு மக்களின் பேரில் மூன்றும், நிலத்தின் பேரில் நான்கும் ஆக ஏழு ஆசனங்கள் கிடைத்தன. நம் மாவட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 76,000 பேர். மாவட்டத்தின் பரப்போ ஆயிரம் சதுரமைலுக்குச் சற்றே மேல். கணக்கு மாகாணத்துக்குரியதாயினும், நம் மாவட்டம் அதற்கென்றே அளந்து செய்ததுபோல அமைந்திருந்தது. ஆளுக்கு ஓர் ஆசனம், காட்டுக்கு ஓர் ஆசனம் என்று இரண்டு கிடைத்தன. வடக்கே பட்டினத்தைச் சேர்ந்தது திருகோணமலைத் தொகுதி. குடாவுக்குத் தெற்கே கொட்டியாரத்தைச் சேர்ந்தது மூதூர்த் தொகுதி. ஒன்றிலே தமிழரும் மற்றொன்றிலே முஸ்லிம்களும் தத்தமக்கு உவந்தவரை அனுப்பலாயினர். காடும் அன்று நமக்காக வாக்களித்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் காட்டுக்குக் கிடைத்த ஆசனம் காடு காடாக இருக்கும் வரைக்குமே பழைய குடிகளுக்குத் துணைசெய்யும். காட்டை வெட்டிக் களனியாக்கிப் புதுக்குடிகளை இருத்தினால், அதே ஆசனம் வேறு கைக்கு மாறும். 1946இல் இக்கணக்கைப் போட்டவர்கள் அதனை எண்ணினார்களோ இல்லையோ, அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்தது அதுவே.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் ஆகஸ்டு 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களிலே தொகுதி தொகுதியாக நடைபெற்றது. திருகோணமலையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைச் சேர்ந்த எஸ். சிவபாலன் அவர்களும், மூதூரில் ஏ. ஆர். ஏ. எம். அபூபக்கர் அவர்களும் தெரிவாயினர். அடுத்த ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாக்குப் பறிபோனதை எல்லோரும் அறிவர். துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் உழைத்த இந்திய வம்சாவளியினரையும் அச்சட்டம் தொட்டது என்பதை நம் ஊரார் மறந்துவிட்டனர்.

தமிழ்க் காங்கிரசு அரசாங்கத்தோடு சேர்ந்ததை ஒப்பாது பிரிந்தோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். அக்கட்சியின் முதல் தேசிய மகாநாடு 1951 ஏப்பிரலில் நம் ஊரிலேதான் கூடியது. யாழ்ப்பாணத்தை விட்டு இங்கே வந்து கூடியதன் நோக்கம் வெளிப்படை. வடக்கும் கிழக்கும் ஒன்று என்று சொல்லுபவர் இரண்டும் சந்திக்கும் இடத்திலே நின்றுதானே சொல்லவேண்டும்! மறு ஆண்டு தேர்தல் வந்தது. தமிழரசுக் கட்சிக்கு நாடெங்கும் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். காங்கேசன்துறையிலே கட்சியின் தலைவர் செல்வநாயகம் அவர்களே தோற்றுப்போனார். கோப்பாயில் வன்னியசிங்கம் அவர்களும், திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயம் அவர்களும் வென்றனர். 1952 முதல் 1956 வரை பாராளுமன்றத்திலே அக்கட்சியின் கொடியைத் தாங்கிய இருவரில் ஒருவர் நம்மவர் என்பது சிறிய சங்கதியன்று. யாழ்ப்பாணம் தயங்கிய நாளிலே திருகோணமலை தயங்கவில்லை. இதனை நம் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இடையிடையே ஞாபகமூட்டுவதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

இராஜவரோதயம் அவர்கள் 1956இலும், 1960இல் இருமுறை நடந்த தேர்தல்களிலும் தொடர்ந்து வென்று, 1963இல் காலமாகும் வரைக்கும் நம் பிரதிநிதியாக விளங்கினார். 1956 யூனில் தனிச்சிங்கள மசோதா நிறைவேறியது. ஆகஸ்டு மாதத்திலே பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாகத் திருமலை நோக்கி வந்தனர். காட்டு வழியும் வெயிலும் பொருட்படுத்தாது வந்த அந்த யாத்திரையின் முடிவிலே, ஆகஸ்டு 19ஆம் தேதி கூடிய மகாநாடு நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சமஉரிமை, குடியுரிமைச் சட்டங்களை மாற்றுதல் என்பன மூன்று. நான்காவது, தமிழ்ப் பிரதேசங்களிலே அரசாங்கம் நடத்தும் குடியேற்றத்தை நிறுத்துதல். முதல் மூன்றும் தமிழர் அனைவர்க்கும் பொதுவானவை. நான்காவதன் சூட்டை வேறெவரினும் அதிகம் அறிந்தவர்கள் நம் மாவட்டத்தாரே. 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் காணியையும் குடியேற்றத்தையும் பிரதேச சபைகளின் கையில் ஒப்படைக்க இசைந்தது. 1958 ஏப்பிரலில் அது கிழிந்தது. 1965ஆம் ஆண்டு டட்லி-செல்வநாயகம் உடன்படிக்கையிலும், குடியேற்றத்தில் முதலிடம் அந்தந்த மாவட்டத்துக் காணியில்லாதோர்க்கே என்று எழுதப்பட்டது. அதுவும் எழுத்தோடு நின்றது.

இதற்கிடையில் நிலம் மாறிக்கொண்டிருந்தது. கந்தளாய்க் குளத்தின் கீழும், அல்லைத் திட்டத்தின் கீழும், முதலிக்குளத்துப் பக்கத்திலும் குடியேற்றங்கள் எழுந்தன. வந்தவர்களில் மிகப் பலர் வேறு மாகாணங்களிலே ஒரு முழம் நிலமும் இல்லாதிருந்த ஏழைச் சிங்கள விவசாயிகள். அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. நீரும் நிலமும் தருகிறோம் என்றால் எந்த ஏழை வரமாட்டான்? தமிழரும் முஸ்லிம்களும் சிலர் இத்திட்டங்களிற் காணி பெற்றதுண்டு. நமது கேள்வி காணி பெற்றவனை நோக்கியதன்று; யார் யாருக்கு, எந்த அளவிற் கொடுப்பது என்று தீர்மானித்தவர்களை நோக்கியது. மாவட்டத்தின் சனத்தொகை 1946இல் 76,000 ஆக இருந்தது 1971இல் 1,88,000 ஆயிற்று. 1981இல் 2,56,000 ஆயிற்று. அவ்வாண்டிலே தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சிங்களவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம்கள் அதற்குச் சற்றுக் குறைவு. ஒருவர் வாழ்நாளுக்குள்ளே முக்கோணமாகிவிட்ட மாவட்டம் இதுபோல் நாட்டில் வேறில்லை எனலாம்.

இவ்வரலாற்றிலே எனக்கு மிகவும் உவப்பான பகுதி மூதூரின் இரட்டைத் தொகுதிக் காலமாகும். 1959இல் தொகுதிகள் மீண்டும் வகுக்கப்பட்டு, தெரிவாகும் அங்கத்தவர் தொகை 95இலிருந்து 151 ஆக உயர்ந்தபோது, மூதூர் இரண்டு அங்கத்தவரை அனுப்பும் தொகுதியாயிற்று. இத்தகைய தொகுதியிலே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. ஒன்றை ஒருவருக்கும் மற்றதை இன்னொருவருக்கும் இடலாம். விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே இடலாம். சிறுதொகையினர் தம் இரு வாக்கையும் ஒருவர்மேற் குவித்தால் அவரைக் கரையேற்றலாம், பெருந்தொகையினருக்கும் நட்டமில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் வாழும் முஸ்லிம்களும், சம்பூரிலும் சேனையூரிலும் ஈச்சிலம்பற்றையிலும் வாழும் தமிழரும் ஒருவரையொருவர் தோற்கடிக்காமல் இருவரும் வெல்லக்கூடிய உபாயம் இது. 1960இல் தமிழரசுக் கட்சியின் ஏகாம்பரம் அவர்களும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீத் அவர்களும் இவ்வாறு தெரிவாயினர். 1970இல் அப்துல் மஜீத் அவர்களோடு தமிழரசுக் கட்சியின் இளைஞர் அ. தங்கத்துரை அவர்கள் தெரிவானார். இருவரும் கட்சியால் எதிரெதிர். ஆயினும் தொகுதி ஒன்று. ஒரே வாக்குச் சாவடியிலே நின்ற இரு சமூகத்தாரும் வீடு திரும்பும்போது ஒருவரது வெற்றி மற்றவரது தோல்வியாகவில்லை. அக்காலத்திலே கிண்ணியாத் துறையைப் பாதையில் ஏறியே கடக்கவேண்டும். 2009இலேதான் பாலம் வந்தது. பாதையிலே தமிழரும் முஸ்லிமும் மாட்டுவண்டியும் ஒன்றாக நின்று கடந்ததுபோலவே, தேர்தலையும் கடந்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது. இம்முறையைக் கைவிட்டது தவறென்பதே என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்துடைய முதியோர் நம் சங்கத்திலும் உண்டு. அவர்களோடு நான் வழக்காடி ஓய்ந்ததில்லை.

பட்டினத் தொகுதியில் இராஜவரோதயம் அவர்களுக்குப் பின், 1963ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலும் 1965இலும் எஸ். எம். மாணிக்கராஜா அவர்களும், 1970இல் பா. நேமிநாதன் அவர்களும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வென்றனர். 1961ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்த சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரி வாயிலுக்கும் வந்ததை நேரிற் கண்ட முதியோர் இன்னும் சிலர் உளர். 1957 அக்டோபர் 15இல் ஆங்கிலக் கடற்படை தளத்தை ஒப்படைத்துப் போனபின் வேலையிழந்த பட்டினம் மெலிந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

1968இல் நடந்த ஒன்றை இந்து வாலிபர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அப்போது தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்கா அவர்களின் அரசாங்கத்திலே பங்காளி, மு. திருச்செல்வம் அவர்கள் உள்ளூராட்சி மந்திரி. கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது குறித்து ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிரதம மந்திரி அக்குழுவை நிறுத்திவைத்தார். திருச்செல்வம் அவர்கள் பதவி துறந்தார். கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. மூன்றாண்டுக் கூட்டு முறிவதற்கு உடனடிக் காரணம் நம் தொகுதியிலுள்ள ஒரு மலைமுனை. நான்காண்டு கழித்து, 1972 மே மாதத்தில், தமிழ்க் கட்சிகள் ஒன்றுசேர்ந்து தமிழர் கூட்டணி அமைத்ததும் இவ்வூரிலேதான்.

1976ஆம் ஆண்டிலே மூன்றாம் முறையாகக் கோடு வரைந்தனர். இப்பொழுது 90,000 மக்களுக்கு ஓர் ஆசனம். 1,000 சதுரமைலுக்கு ஓர் ஆசனம் என்பது பழையபடியே. 1,88,000 பேருக்கு இரண்டு, நிலத்துக்கு ஒன்று, ஆக மூன்று. திருகோணமலை, மூதூர் என்பவற்றோடு சேருவில என்னும் புதுத்தொகுதி தோன்றியது. கந்தளாயும் அல்லையும் அதன் இருதயம். மூதூரின் இரட்டை ஆசனம் ஒற்றையாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் காட்டுக்குக் கிடைத்த ஆசனத்தின் கதை இவ்வாறு முடிந்தது. 1977 யூலைத் தேர்தலில் திருகோணமலையிலே தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தன் அவர்களும், மூதூரிலே ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மகரூப் அவர்களும், சேருவிலவில் அதே கட்சியின் எச். டி. எல். லீலாரத்ன அவர்களும் வென்றனர். ஒரு சமூகத்துக்கு ஓர் ஆசனம் என்று பார்ப்பதற்கு நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் கொட்டியாரத்துத் தமிழருக்கு இருந்த ஆசனம் போயிற்று. நேர்த்தியான கணக்குக்குள் மறைந்துபோனவர்களை அன்று பெரிதாக எவரும் பேசவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்த மூன்று கோடுகளையும் அழித்து, மாவட்டம் முழுவதையும் ஒரே தேர்தல் மாவட்டமாக்கியது. சேருவில, திருகோணமலை, மூதூர் என்பன வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் எஞ்சின. நிலத்துக்குரிய ஆசனம் மாகாணத்துக்கு நான்கு என்று உருமாறியது. நமக்கு நான்கு அங்கத்தவர். முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கொடுத்தபின், எஞ்சிய மூன்றே விகிதப்படி பங்கிடப்படும். மூன்று சமூகங்கள், நான்கு ஆசனங்கள், அவற்றுள் ஒன்று முதல்வனுக்குப் பரிசு. இக்கணக்கிலே ஒரு சமூகத்தின் வாக்கு இரண்டு மூன்று கட்சிகளுக்குச் சிதறினால் வருவது யாது என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும். தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்ற 2000ஆம் ஆண்டிலே சம்பந்தன் அவர்களே தோற்றார். 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்து நின்றபோது வென்றார். 2004இல் கூட்டமைப்புக்கு இரண்டு ஆசனம் கிடைத்தது. 2010 முதல் ஒன்றே.

இடையிலே கடந்த போர்க்காலத்தை நான் விரித்தெழுதப் போவதில்லை. அதனை அனுபவித்தவர்கள் இம்மலரை வாசிப்போரில் அனேகர். தொகுதியின் வரலாற்றோடு சேர்ந்ததை மட்டும் சொல்லுகிறேன். 1983இல் ஆறாம் திருத்தத்தின் பின் கூட்டணி அங்கத்தவர் ஆசனங்களை இழந்தனர். 1977க்குப் பின் அடுத்த பொதுத்தேர்தல் 1989இலேதான் வந்தது; அன்று வாக்களித்த இளைஞர் பலருக்கு அதுவே முதல் வாக்கு. அதற்கு முன்னரே, 1987இல், மூதூரின் பழைய அங்கத்தவர் அப்துல் மஜீத் அவர்கள் கொல்லப்பட்டார். 1994இல் மீண்டும் தெரிவான தங்கத்துரை அவர்கள் 1997 யூலை 5ஆம் தேதி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி விழாவிலே கலந்துகொண்டு திரும்பும் வேளையிற் கொலையுண்டார். பதினைந்து நாள் கழித்து, யூலை 20ஆம் தேதி, மகரூப் அவர்கள் கொலையுண்டார். நம் மாவட்டத்தின் நான்கு அங்கத்தவருள் இருவர் ஒரே மாதத்தில் மாண்டனர். 1970இல் மூதூரின் இரட்டை ஆசனத்தில் அமர்ந்த இருவருமே கொலைக்கு இரையானார்கள் என்பதை எழுதும்போது பேனா தயங்குகின்றது.

தங்கத்துரை அவர்களின் இடத்துக்குச் சம்பந்தன் அவர்கள் 1997இல் திரும்பி வந்தார். 2001 முதல் இறக்கும் வரை அவரே நம் பிரதிநிதி. 2015 செப்டெம்பர் முதல் 2018 டிசம்பர் வரை அவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். திருகோணமலைத் தொகுதியிலிருந்து அவ்வாசனத்தில் அமர்ந்தவர் அவர் ஒருவரே. 2024 யூன் 30இல், தொண்ணூற்றொரு வயதிலே காலமானார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்றும், தமிழரசுக் கட்சிக்கு ஒன்றும் கிடைத்தன. மகரூப் அவர்களின் புதல்வர் இம்ரான் மகரூப் அவர்களும், தமிழரசின் ச. குகதாசன் அவர்களும் தெரிவானோருள் இருவர். முதலிடம் பெற்ற கட்சிக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஆகிய மூவருமே வாக்களித்திருக்கின்றனர். இது ஒரு புதிய திருப்பமோ, ஒரு தேர்தலோடு ஒழியும் அலையோ என்று இப்போது தீர்ப்புச் சொல்ல நான் சோதிடன் அல்லன்.

சட்டசபை என்றால் பாராளுமன்றம் மட்டுமன்று. நம் ஊரிலேயே ஒரு சபை உண்டு. 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையின் பயனாக வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணசபைக்குத் திருகோணமலை தலைநகரமாயிற்று. 1988 நவம்பரிலே தேர்தல் நடந்தது. வரதராஜப்பெருமாள் அவர்கள் முதலமைச்சரானார். 1990இல் அது கலைந்தது. 2006 அக்டோபரில் உயர்நீதிமன்றம் இணைப்புச் செல்லாதென்று தீர்க்க, 2008 மே மாதத்தில் கிழக்குக்கு மட்டும் தேர்தல் வந்தது. 37 அங்கத்தவருள் நம் மாவட்டத்துக்குப் பத்துப் பேர். 2012இல் இரண்டாம் சபைக்கு முதலமைச்சராக வந்த நஜீப் அப்துல் மஜீத் அவர்கள், 1987இல் கொல்லப்பட்ட அப்துல் மஜீத் அவர்களின் புதல்வர். அச்சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிவுற்றது.

அதற்குப் பின் பல ஆண்டுகளாக மாகாணசபைத் தேர்தல் நடைபெறவில்லை. காரணம் மீண்டும் கோடுதான். 2017இல் நிறைவேற்றிய சட்டம் மாகாணசபைகளுக்குத் தொகுதிமுறையையும் விகிதாசார முறையையும் கலந்து விதித்தது. அதற்காக எல்லைகளை வகுத்த குழுவின் அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒருவர்கூட ஆதரிக்காமல் நிராகரித்தது. பழைய முறை நீங்கிற்று. புதிய முறைக்கு எல்லை இல்லை. இனியொரு குழு வந்து கொட்டியாரத்தையும் தம்பலகாமத்தையும் கட்டுக்குளப்பற்றையும் மேசைமேல் விரித்து வைக்குமாயின், மக்களிடம் அபிப்பிராயம் கேட்டு அறிவித்தல் கொடுப்பது வழக்கம். அவ்வேளையில் எழுதிக்கொடுக்க வேண்டிய மகஜருக்கு உதவுமென்றே 1946, 1959, 1976 ஆகிய மூன்று கணக்குகளையும் இங்கே குறித்துவைத்தேன்.